6,000 பவுண்டுக் கோடு: அமெரிக்காவில் பெரிய வண்டிக்கு மட்டும் ஏன் பெரிய வரிக்கழிவு?

டிசம்பர் பிறந்துவிட்டால் அமெரிக்காவில் சிறுதொழில் செய்பவர்களிடையே ஒரு பேச்சு கிளம்பும். "இந்த வருஷம் லாபம் நல்லா வந்திருக்கா? 31ஆம் தேதிக்குள்ள ஒரு பெரிய எஸ்யூவி வாங்கிடுங்க. மொத்த விலையையும் வரியில கழிச்சிடலாம்." சமூக ஊடகக் காணொளிகளில் மெர்சிடிஸ் ஜி-வேகன் இந்த யோசனையின் சின்னமாகவே ஆகிவிட்டது. சிலர் ஒரு படி மேலே போய், வண்டியே இலவசம் என்கிறார்கள். எதிர்ப்பக்கத்தில், இது வசதி படைத்தவர்களுக்காகத் திறந்துவைத்த ஓட்டை, உடனே அடைக்க வேண்டும் என்கிறார்கள். 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான வரிச் சட்டம் முதல் ஆண்டிலேயே முழு விலையையும் கழிக்கும் வசதியை நிரந்தரமாக்கியது. அதிலிருந்து இரண்டு பக்கமும் குரல் உயர்ந்திருக்கிறது.

வண்டி இலவசம் என்பது பொய். தொழிலுக்கு வாங்கும் வண்டிக்குக் கழிவு தருவது நியாயமானதும்கூட. ஆனால் எந்த வண்டிக்கு எவ்வளவு கழிவு என்பதை வேலையைப் பார்த்து முடிவு செய்யாமல் எடையைப் பார்த்து முடிவு செய்கிறது சட்டம். தகராறின் வேர் அங்கேதான் இருக்கிறது.

முதலில் மூன்று சொற்கள்

1. வரிக்கழிவு. தொழிலில் வந்த வருமானத்திலிருந்து தொழிலுக்கான செலவைக் கழித்துவிட்டு, மீதிக்குத்தான் வரி. கழிவு வருமானத்தைக் குறைக்கிறதே தவிர, வரியிலிருந்து நேராகப் போவதில்லை. 80,000 டாலருக்கு வண்டி வாங்கி முழுவதையும் கழிக்கிறார் ஒருவர், அவருடைய மத்திய வருமான வரி விகிதம் 32 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். வரியில் மிச்சமாவது 25,600 டாலர். மீதி 54,400 டாலர் அவர் கைக்காசுதான். வண்டி தேவையே இல்லாதவர் வரியை மிச்சம்பிடிக்க வாங்கினால், 25,600 டாலரைக் காப்பாற்ற 54,400 டாலரைச் செலவழிக்கிறார்.

2. தேய்மானம். வண்டி, இயந்திரம் போன்றவை பல ஆண்டு உழைப்பவை. அதனால் அவற்றின் விலையையும் பல ஆண்டுகளுக்குப் பிரித்துக் கழிப்பதே வழக்கமான முறை. காருக்கும் எஸ்யூவிக்கும் அட்டவணைப்படி ஐந்தாண்டுக் கணக்கு. இதை முன்கூட்டியே கழிக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, வரிச் சட்டத்தின் பிரிவு 179. இதற்கு ஓர் உச்சவரம்பு இருக்கிறது, தொழில் வருமானத்தைத் தாண்டி நட்டம் காட்டவும் முடியாது. இன்னொன்று, போனஸ் தேய்மானம்: விலையில் சட்டம் சொல்லும் சதவீதத்தை முதல் ஆண்டிலேயே கழிப்பது. இதற்கு உச்சவரம்பு கிடையாது, நட்டமும் காட்டலாம். பழைய வண்டிக்கும், வாங்குபவருக்கு அது புதிதாக இருந்தால், 2017க்குப் பிறகு போனஸ் கிடைக்கிறது.

3. மொத்த எடை வரம்பு. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால், கதவு வந்து மோதும் தூணில் ஒரு சிறிய வில்லை ஒட்டியிருக்கும். தயாரித்த மாதம், டயர் விவரம் இவற்றோடு ஜிவிடபிள்யூஆர் (GVWR) என்ற எழுத்துகளும் ஓர் எண்ணும் இருக்கும். வண்டியின் சொந்த எடை, ஆட்கள், எரிபொருள், சரக்கு எல்லாம் சேர்ந்து அதிகபட்சம் எவ்வளவு இருக்கலாம் என்று தயாரிப்பாளர் குறிப்பிடும் எடை அது. வண்டியின் சொந்த எடையோடு பலரும் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். சொந்த எடை 5,000 பவுண்டுக்குக் கீழே உள்ள ஒரு குடும்ப எஸ்யூவியும் இந்த எண்ணில் 6,000 பவுண்டைத் தாண்டலாம். 6,000 பவுண்டு என்றால் நம் கணக்கில் ஏறத்தாழ 2,720 கிலோ.

ஒரே விலை, இரண்டு வண்டி

வீடு விற்றுக் கொடுக்கும் முகவர்கள் இருவர். இருவருக்கும் 32 சதவீத வரி விகிதம். இருவரும் 2025 நடுவில் 80,000 டாலருக்கு வண்டி வாங்குகிறார்கள், தொழிலுக்கு மட்டுமே ஓட்டுகிறார்கள். இருவர் செய்யும் வேலையும் ஒன்றுதான்: வாடிக்கையாளரை ஏற்றிக்கொண்டு வீடு வீடாகக் காட்டுவது.

முதலாமவர் வாங்கியது சொகுசு செடான். சட்டத்தின் பிரிவு 280எஃப் அதைப் பயணிகள் கார் என்கிறது. போனஸ் தேய்மானம் எடுத்தாலும் முதல் ஆண்டில் 20,200 டாலருக்கு மேல் கழிக்க முடியாது. இரண்டாம் ஆண்டு வரம்பு 19,600, மூன்றாம் ஆண்டு 11,800, அப்புறம் ஆண்டுக்கு 7,060. முழு விலையும் கழிந்து முடிய ஏழெட்டு ஆண்டாகிவிடும்.

இரண்டாமவர் வாங்கியது பெரிய எஸ்யூவி. கதவுத் தூணில் உள்ள எண் 6,000க்கு மேல். அவருக்கு அந்த வரம்பு எதுவுமே இல்லை. முதல் ஆண்டிலேயே 80,000 டாலரும் கழிந்துவிடும்.

முதல் ஆண்டு வரியில் முதலாமவருக்கு மிச்சம் 6,464 டாலர், இரண்டாமவருக்கு 25,600 டாலர். வித்தியாசம் 19,136 டாலர்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்த வித்தியாசம் முழுக்க முழுக்க லாபமல்ல. செடான் வாங்கியவரும் வரும் ஆண்டுகளில் மீதியைக் கழிக்கத்தான் போகிறார். இரண்டாமவருக்கு அரசு தருவது காலம், அதாவது வட்டியில்லாக் கடன் மாதிரி. ஆனால் அந்தக் கடன் சிறியதல்ல. வண்டியைக் கடனில் வாங்கியிருந்தாலும் முழு விலையையும் கழிக்கலாம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். 10,000 டாலர் முன்பணம் கட்டி டிசம்பர் 28 அன்று வண்டியை எடுத்து, அன்றே தொழிலுக்கு ஓட்டத் தொடங்கினால், அந்த ஆண்டுக் கணக்கிலேயே 25,600 டாலர் வரி குறையும். கட்டிய முன்பணத்தைவிட வரியில் மிச்சமான தொகை அதிகம். டிசம்பர் பேச்சு கிளம்புவதற்குக் காரணம் இதுதான்.

இந்தக் கோடு எங்கிருந்து வந்தது?

1984இல் அமெரிக்க நாடாளுமன்றம் பயணிகள் காருக்கான கழிவுக்கு வரம்பு வைத்தது. அலுவலகக் கணக்கில் விலையுயர்ந்த சொகுசு கார் வாங்கி, அதன் செலவில் ஒரு பகுதியை மற்ற வரிகட்டுவோர் தலையில் ஏற்றுவதைத் தடுப்பதே நோக்கம். அதே சமயம் விவசாயி, கட்டட ஒப்பந்தக்காரர், குழாய் வேலை செய்பவர் ஆகியோரின் டிரக்கும் வேனும் இதில் மாட்டிக்கொள்ளக் கூடாது. அவற்றைப் பிரித்துக் காட்ட எளிய அடையாளம் வேண்டியிருந்தது. 6,000 பவுண்டைத் தேர்ந்தெடுத்தார்கள். காராக இருந்தால் சுமை இல்லாத எடையில் 6,000, டிரக்காகவோ வேனாகவோ இருந்தால் சுமையோடு கூடிய மொத்த எடையில் 6,000.

1984க்கு அது சரியான கோடு. அன்று அவ்வளவு கனமான வண்டியை ஒருவர் வைத்திருந்தால் அதில் பெரும்பாலும் மண்வெட்டியோ வைக்கோலோ இருந்திருக்கும். 1990களில் காட்சி மாறியது. டிரக்கின் சட்டகத்தின்மேல் குடும்பக் காரின் உடலைப் பொருத்திய எஸ்யூவி நடுத்தர வர்க்கத்தின் வண்டியானது. வரிச் சட்டத்தின் கண்ணுக்கு அது இன்னும் டிரக்தான். எரிபொருளை அதிகம் குடிக்கும் வண்டிகளுக்காக 1978இல் கொண்டுவந்த 'எரிபொருள் விழுங்கி' வரியும் கார்களுக்கு மட்டுமே, எஸ்யூவிக்கும் பிக்கப்புக்கும் கிடையாது.

அப்புறம் நடந்தவற்றை வரிசையாகப் பார்க்கலாம்.

1. 2003. பிரிவு 179இன் உச்சவரம்பு 25,000 டாலரிலிருந்து 1,00,000 டாலருக்கு ஏறியது. அப்போது புதிதாக வந்திருந்த ஹம்மர் எச்2 என்ற பெரிய எஸ்யூவியின் விலை சுமார் 50,000 டாலர், மொத்த எடை வரம்பு 8,600 பவுண்டு. முழு விலையும் ஒரே ஆண்டில் கழியும். அதே காலத்தில் பெட்ரோலிலும் மின்சாரத்திலும் ஓடும் ஹைப்ரிட் கார் வாங்கியவருக்குக் கிடைத்த சிறப்புக் கழிவு 2,000 டாலர். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்த பொதுமக்கள் கொதித்தார்கள். 'ஹம்மர் ஓட்டை' என்ற பெயர் அப்படித்தான் நிலைத்தது.

2. 2004. அக்டோபர் 22 அன்று கையெழுத்தான சட்டம், 6,000 முதல் 14,000 பவுண்டு வரையுள்ள எஸ்யூவிகளுக்குப் பிரிவு 179இன்கீழ் 25,000 டாலர்தான் என்று வரம்பு வைத்தது. ஓட்டை அடைபட்டது என்று எல்லாரும் நம்பினார்கள். பணவீக்கத்துக்கு ஏற்ப உயர்ந்து 2025இல் அந்த வரம்பு 31,300 டாலர்.

3. 2008 முதல். 2004 வரம்பு பிரிவு 179க்கு மட்டும்தான். போனஸ் தேய்மானம் 2004 கடைசியில் காலாவதியாகியிருந்ததால் சில ஆண்டுகள் வரம்பு பலித்தது. 2008இல் பொருளாதார மந்தத்தைச் சமாளிக்க 50 சதவீத போனஸ் திரும்பி வந்தது. 2010 செப்டம்பரிலிருந்து 2011 கடைசி வரை 100 சதவீதம். முன்வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைப்புறக் கதவைத் திறந்துவிட்ட கதைதான்.

4. 2017. டிரம்பின் முதல் ஆட்சிக் கால வரிச் சட்டம் 100 சதவீத போனஸை மறுபடி கொண்டுவந்தது. ஆனால் 2023இல் 80, 2024இல் 60, 2025இல் 40 என்று இறங்கிக்கொண்டே போய் மறைய வேண்டும் என்பது ஏற்பாடு.

5. 2025. ஜூலைச் சட்டம் அந்த இறக்கத்தை நிறுத்தியது. 2025 ஜனவரி 19க்குப் பின் வாங்கியவற்றுக்கு 100 சதவீதம், காலவரையறை இல்லை. இதே சட்டம்தான் மின்சார வாகனங்களுக்கு 7,500 டாலர் வரை கிடைத்துவந்த வரிச் சலுகையை 2025 செப்டம்பர் 30க்குப் பின் வாங்கும் வண்டிகளுக்கு நிறுத்தியது.

2004 வரம்பு இன்றும் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. அந்த வரம்பு வரையுள்ள தொகையைப் பிரிவு 179இல் காட்டிவிட்டு மீதியை போனஸில் காட்டலாம். இல்லை, மொத்தத்தையும் போனஸிலேயே காட்டலாம். எப்படிச் செய்தாலும் விடை ஒன்றுதான். 2004இல் நடந்த அத்தனை வாதமும் வாக்கெடுப்பும் இப்படிச் சட்டத்தில் ஓர் எழுத்துகூட மாறாமல் செல்லாக்காசாகிவிட்டதுதான் எனக்கு இந்தக் கதையில் மிகவும் வருத்தம் தரும் இடம்.

வேலை வண்டி எது? அளவு டேப் சொல்லும்

2004 சட்டத்தை எழுதியவர்கள் எடையைத் தாண்டி யோசிக்கவே இல்லை என்று சொல்ல முடியாது. 25,000 வரம்பிலிருந்து விலக்குப் பெறும் வண்டிகளை அவர்கள் உடலமைப்பை வைத்து விவரித்தார்கள்:

- ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் ஒன்பது பேருக்கு மேல் உட்காரும் வண்டி.
- உள்நீளம் குறைந்தது ஆறடி உள்ள, பயணிகள் அறையிலிருந்து எளிதில் எட்ட முடியாத சரக்குத் தொட்டி கொண்ட பிக்கப்.
- ஓட்டுநருக்குப் பின்னால் இருக்கையே இல்லாமல், முன்கண்ணாடிக்கு முன்னே 30 அங்குலத்துக்கு மேல் மூக்கு நீளாத மூடிய சரக்கு வேன்.

ஃபோர்டு எஃப்-150 பிக்கப்பை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு கதவு அறையோடு ஐந்தரை அடித் தொட்டி வைத்து வாங்கினால் அது எஸ்யூவி வரம்புக்குள் வரும். அதே வண்டியை ஆறரை அடித் தொட்டியோடு வாங்கினால் வெளியே. அந்த ஓரடி ஏன்? பெரிய ஒட்டுப்பலகைகளையும் குழாய்களையும் ஏற்ற நீளத் தொட்டி வேண்டும். குடும்பத்தோடு சுற்றுபவருக்கு நீளமான பின்னிருக்கை அறை வேண்டும். ஒரு வண்டி எதற்காகக் கட்டப்பட்டது என்பதை அதன் உடலே ஓரளவு காட்டிக்கொடுக்கிறது. எடை அதைக் காட்டாது.

கழிவோடு வரும் கடமைகள்

காணொளிகள் சொல்லாமல் விடும் பகுதி இது.

1. தொழில் பயன்பாடு 50 சதவீதத்தைத் தாண்ட வேண்டும். 80 சதவீதம் தொழிலுக்கு என்றால் விலையில் 80 சதவீதம்தான் கழியும். வீட்டிலிருந்து அலுவலகத்துக்கு அன்றாடம் போய் வருவது சொந்தப் பயணம், தொழில் கணக்கில் சேராது.

2. பயணக் குறிப்பேடு வேண்டும். தேதி, எங்கே போனது, எதற்காக, எத்தனை மைல் என்று அவ்வப்போது எழுதியிருக்க வேண்டும். வரித்துறை கேட்ட பிறகு ஒரே பேனாவில் ஒரே இரவில் எழுதிய குறிப்பேடு எடுபடாது.

3. அடுத்த ஆண்டுகளில் தொழில் பயன்பாடு 50 சதவீதத்துக்கோ அதற்குக் கீழோ இறங்கினால், முன்கூட்டிக் கழித்ததில் கூடுதலான பகுதி வருமானமாகத் திரும்பிச் சேரும்.

4. முழுவதும் கழித்த வண்டியை மூன்றாண்டு கழித்து 45,000 டாலருக்கு விற்றால், அந்த 45,000 டாலரும் சாதாரண வருமானம். பலர் அதிர்ந்துபோவது இங்கேதான்.

5. முதல் ஆண்டில் இப்படிக் கழித்தவர், அதே வண்டிக்குப் பிற்பாடு மைல் கணக்கு முறைக்கு மாற முடியாது. 2025இல் மைலுக்கு 70 சென்ட் என்பது அந்த முறை. நிறைய ஓட்டுபவருக்கும் விலை குறைந்த வண்டி வைத்திருப்பவருக்கும் அதுவே பெரும்பாலும் லாபம்.

6. சம்பளத்துக்கு வேலை செய்பவருக்கு இதில் எதுவுமே இல்லை. ஊழியர் தன் கைக்காசில் செய்யும் வேலைச் செலவுக்கான கழிவு 2018இல் நிறுத்தப்பட்டது, 2025 சட்டம் அந்த நிறுத்தத்தையும் நிரந்தரமாக்கிவிட்டது.

ஆதரிப்பவர்கள் சொல்வது

அவர்களுடைய வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. கூரை போடுபவருக்கு வண்டி இல்லாமல் வேலை இல்லை. அவர் இன்றைக்கே காசு கொடுக்கிறார், கழிவை மட்டும் ஐந்தாண்டு காத்திருந்து வாங்கு என்றால் அவர் கையில் புழங்கும் பணம் குறையும். எடை என்பது வில்லையைப் பார்த்து ஒரு நொடியில் உறுதிசெய்யக்கூடியது. வேலையைப் பார்த்து முடிவு செய் என்றால் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு வழக்கு கிளம்பும். இது காலத்தை முன்னே தள்ளும் சலுகைதானே தவிர மானியம் அல்ல என்பதும் அவர்கள் சொல்வது, மேலே கணக்கில் பார்த்தபடி அதில் பாதி உண்மை இருக்கிறது.

எதிர்ப்பவர்கள் சொல்வது

முதல் வாதம் சமநிலை. மேலே சொன்ன இரு முகவர்களும் ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள். கனமான வண்டியைத் தேர்ந்தெடுத்தவருக்கு மட்டும் சட்டம் கூடுதலாகக் கொடுத்தால், கனமான வண்டியை வாங்கு என்று அரசே சொல்வதாகிறது.

இரண்டாவது, கழிவின் மதிப்பு வரி விகிதத்தைப் பொறுத்தது. 37 சதவீத அடுக்கில் இருப்பவருக்கு 80,000 டாலர் கழிவு 29,600 டாலர். 12 சதவீத அடுக்கில் இருக்கும் துப்புரவுத் தொழிலாளிக்கு, கழிக்க அவ்வளவு வருமானம் இருந்தாலும், 9,600 டாலர்தான். உண்மையில் அவ்வளவு விலைக்கு அவர் வண்டி வாங்கவும் போவதில்லை.

மூன்றாவது வாதம்தான் என்னைப் பொறுத்தவரை கனமானது: அந்த எடை யார்மேல் விழுகிறது என்பது. பெர்க்லி பல்கலைக்கழகப் பொருளியலாளர்கள் மைக்கேல் ஆண்டர்சனும் மாக்சிமிலியன் ஆஃப்ஹாமரும் விபத்துப் பதிவுகளை ஆராய்ந்தார்கள். மோதும் வண்டி 1,000 பவுண்டு கூடுதல் கனமாக இருந்தால், மோதப்பட்ட வண்டியில் உயிரிழப்பு நேரும் வாய்ப்பு 47 சதவீதம் கூடுகிறது என்று கண்டார்கள். நடந்து போகிறவர்களுக்கு ஆபத்து வண்டியின் உயரத்திலும் இருக்கிறது. நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டு நிறுவனத்தின் 2023 ஆய்வின்படி, பானெட்டின் முன்விளிம்பு 40 அங்குலத்துக்கு மேல் உயர்ந்த வண்டி, 30 அங்குலத்துக்குள் சரிவாக இறங்கும் பானெட் கொண்ட வண்டியைவிடப் பாதசாரியைக் கொல்லும் வாய்ப்பு ஏறத்தாழ 45 சதவீதம் அதிகம். 40 அங்குலம் என்பது நான்கு வயதுக் குழந்தையின் உயரம். 2009இல் அமெரிக்கச் சாலைகளில் சுமார் 4,100 பாதசாரிகள் இறந்தார்கள், 2022இல் 7,500க்கும் மேல். இந்த ஏற்றத்துக்கு வேகம், தெரு வெளிச்சம், கைப்பேசி எனப் பல காரணங்கள் உண்டு, வரிச் சட்டத்தின்மேல் எல்லாப் பழியையும் போட முடியாது. ஆனால் ஆபத்தைக் கூட்டும் குணத்தையே சலுகைக்குத் தகுதியாக வைத்திருக்கும் சட்டத்தை எப்படி நியாயப்படுத்துவது?

மின்சார வண்டிகள் வந்த பிறகு இந்தக் கோடு இன்னும் பொருளிழந்துவிட்டது. ஹம்மரின் இன்றைய மின்சார வடிவம் சும்மா நின்றாலே சுமார் 9,000 பவுண்டு, பேட்டரி கனம் அப்படி. 1984இல் எடை என்றால் சரக்கு. இன்றைக்கு எடை என்றால் பேட்டரி, மூன்றாவது வரிசை இருக்கை, சொகுசு.

பிரிட்டன் என்ன செய்தது?

பிரிட்டனிலும் இதே மாதிரிச் சிக்கல். அங்கே இரட்டை அறை பிக்கப், அதாவது பின்னிருக்கை வரிசையும் உள்ள பிக்கப், ஒரு டன் சரக்கு தாங்கினால் அது வேன் என்று 2002 முதல் வரித்துறை ஏற்றுக்கொண்டது. வேனுக்கு வரி குறைவு என்பதால், தோல் இருக்கை போட்ட பிக்கப்புகள் நிறுவன வண்டிகளாகப் பெருகின. 2020இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், கோகோ கோலா ஊழியர்களுக்குக் கொடுத்திருந்த, பின்னிருக்கை பொருத்திய வேன்கள் தொடர்பான வழக்கில் ஒரு கேள்வியை முன்வைத்தது: இந்த வண்டி முதன்மையாகச் சரக்குக்காகக் கட்டப்பட்டதா? ஆளுக்கும் சரக்குக்கும் சரிபாதி என்றால் அது சரக்கு வண்டி ஆகாது.

அதைப் பின்பற்றி 2024 பிப்ரவரியில் வரித்துறை விதியை மாற்றியது. விவசாயிகள் எதிர்த்ததும் ஒரே வாரத்தில் பின்வாங்கியது. ஆட்சி மாறிய பின் அக்டோபர் பட்ஜெட்டில் மாற்றம் திரும்பி வந்து, 2025 ஏப்ரல் முதல் இரட்டை அறை பிக்கப்புகளில் பெரும்பாலானவை காராகவே கணக்கிடப்படுகின்றன. ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு 2029 ஏப்ரல் வரை பழைய விதி. வலித்தாலும் செய்ய முடிகிற காரியம்தான் என்பதற்கு இது சாட்சி.

எதை மாற்றலாம்?

முழுக் கழிவையே ஒழிக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். தச்சரின் நீளத் தொட்டி டிரக்குக்கும் குளிர்சாதன வேனுக்கும் அது இருக்கட்டும். மாற்ற வேண்டியது இரண்டே இடம்.

1. பிரிவு 280எஃப்இல் உள்ள 6,000 பவுண்டை எடுத்துவிட்டு, 2004 சட்டத்தில் ஏற்கெனவே எழுதிவைத்திருக்கும் உடலமைப்பு விவரத்தை அங்கே வைக்கலாம். ஆட்களை ஏற்றக் கட்டிய வண்டி எவ்வளவு கனமானாலும் காருக்குள்ள வரம்பே அதற்கும். புதிய சொல் ஒன்றுகூடத் தேவையில்லை.

2. அது முடியாவிட்டால், குறைந்தது 2004இன் எஸ்யூவி வரம்பை போனஸ் தேய்மானத்துக்கும் சேர்த்து நீட்டலாம். நாடாளுமன்றம் அன்றே வாக்களித்து எடுத்த முடிவுதான் அது.

இதற்கு அரசியல் தருணம் எப்போது வரும் என்பதுதான் கடினமான கேள்வி. போனஸ் ஆண்டுக்கு ஆண்டு இறங்கிக்கொண்டிருந்தவரை, அதை நீட்டிப்பதா வேண்டாமா என்ற பேச்சு அடிக்கடி சபைக்கு வந்தாக வேண்டியிருந்தது. வரும்போதெல்லாம் எஸ்யூவியைப் பற்றியும் யாராவது கேட்க வாய்ப்பிருந்தது. நிரந்தரமாக்கிய பிறகு அந்தக் கெடு இல்லை. இனி யாராவது ஒருவர் தனியாக மசோதா எழுதி, 2003இல் மக்கள் கேட்ட அதே கேள்வியை முதலிலிருந்து கேட்க வேண்டும்.